இருபத்திரண்டும் இரண்டு பல்லிகளும்

என் அத்தானை அவர் வேலை பார்க்கும் கிடங்கில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "இருபத்திரண்டு வராரு, கதவைச் சாத்து" என்றுதான் பெட்டி தூக்குகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அது மருந்துக் கிடங்கு. கூரை வரை அடுக்கிய மருந்துப் பெட்டிகள் எல்லாம் இருபத்திரண்டு டிகிரியில் இருக்க வேண்டும்; அதைப் பார்த்துக்கொள்ளும் குளிர்சாதன மெக்கானிக் அவர். இப்படி ஒரு பட்டப்பெயர் காதில் விழுந்தால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். இவருக்குத் தலை இன்னும் கொஞ்சம் நிமிரும்.

அந்தக் கூடத்தில் ஒன்பது இடங்களில் சென்சார் வைத்திருக்கிறார்கள். ஒன்பதும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். கதவோரம் கொஞ்சம் சூடு, மூலையில் கொஞ்சம் குளிர் என்றால் அவருக்குச் சோறு இறங்காது. பத்தொன்பது வருடமாக ஒரு மூலைகூட அரை டிகிரி தவறவில்லை என்று நிர்வாகம் ஒரு சான்றிதழ் கொடுத்தது. அதை மாட்ட வீட்டில் வேறு ஆணி இல்லை என்று கல்யாணப் படத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டினார். கல்யாணப் படம் இப்போது அலமாரிக்கு மேல், ஒரு பழைய சூட்கேசுக்கு அடியில் இருக்கிறது.

இவரைக் கட்டிக்கொண்டு இருபத்து மூன்று வருடம் ஓட்டியவள் என் அக்கா. நான் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. புதன்கிழமை அரைநாள் லீவு. அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போனால் நான் கையோடு ஒரு சால்வை கொண்டுபோவேன். கிடங்கில் மாதிரியே வீட்டிலும் இருபத்திரண்டு டிகிரி. ஒவ்வொரு அறையிலும் ஒரு தெர்மாமீட்டர், ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் ரப்பர் பட்டை, ஜன்னலுக்கு இரட்டைத் திரை. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காய் நறுக்குவாள். அவளுக்கு முழங்கால் வலி வேறு. குளிரக் குளிர வலி கூடும். அதனால் வேலை முடிந்ததும் பின்பக்க பால்கனிக்குப் போய்விடுவாள். அங்கே ஏசியின் வெளி யூனிட் சுடுகாற்றை ஊதிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, முழங்காலைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொந்த வீட்டில் குளிர் காய இடம் தேடிய பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அத்தானிடம் கேட்டால், உள்ளே சீராக இருக்கும்போது அவள் ஏன் வெளியே போகிறாள் என்று தனக்கே புரியவில்லை என்பார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் இரண்டு பல்லிகள் வந்து சேர்ந்தன.

அவர்களுடைய மகளுக்குப் பதினெட்டு வயது. வெளியூரில் படிக்க இடம் கிடைத்து விடுதிக்குப் போகவேண்டியிருந்தது. அவளோடு படித்தவள் வீடு மாறிப் போகும்போது இரண்டு பாலைவனப் பல்லிகளை இவளிடம் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். மணல் நிறம், பெரிய கண். நம் வீட்டுச் சுவர்ப் பல்லி மாதிரி கண்ணாடியில் ஏறாது. தரையில் ஓடுகிற ஜாதி. ஒன்றுக்கு முதுகில் கோடு, இன்னொன்றுக்குப் புள்ளி, பெயரும் அதுவே. விடுதியில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. அதுவரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தவற்றை நல்ல கண்ணாடித் தொட்டிக்கு மாற்றி, அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதாகத்தான் அவள் திட்டம் போட்டிருந்தாள்.

அத்தான் விடுவாரா? டிகிரி சம்பந்தப்பட்ட எதுவும் தன் துறை, தானே தொட்டி அமைப்பதாகச் சொல்லிவிட்டார். மகளுக்கு அரை மனது. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவள் வளர்த்த மீன் தொட்டியின் தண்ணீரை இவர் ஒரே நாளில் முழுக்க மாற்றி, ஆறு மீனையும் வழியனுப்பி வைத்தார். அதை அவள் மறக்கவில்லை. கிளம்புகிற அன்று வாசலில் பையை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நான் லீவுக்கு வர்றப்ப இது ரெண்டும் உசுரோட இருக்கணும். இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சுன்னா, இனிமே எதையும் உங்கள நம்பிக் குடுக்க மாட்டேன்."

அத்தான் சிரித்தார். பத்தாயிரம் மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு இரண்டு பல்லி ஒரு வேலையா என்று கேட்டார்.

அவள் இரண்டு பக்கம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். எழுத்து குண்டு குண்டாக, சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். தொட்டியின் ஒரு பக்கம் வெயில் பக்கம்: விளக்குக்குக் கீழே ஒரு தட்டைக் கல், முப்பத்துநான்கு டிகிரி. மறுபக்கம் நிழல் பக்கம்: இருபத்துநான்கு. இரண்டிலும் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து. நிழல் பக்கம் ஒரு மூலையில் மட்டும் லேசான ஈரம். பாலைவனப் பல்லியானாலும் தோல் உரிக்கும்போது ஈரம் வேண்டும். சாயங்காலம் கல்லில் இரண்டு சொட்டுத் தெளித்தால் நக்கிக் குடிக்கும். கடையில் டப்பாவில் விற்கிற குட்டிப் பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். மற்றதை அதுகளே நடந்து பார்த்துக்கொள்ளும் என்று முடித்திருந்தாள்.

அத்தான் இதில் இரண்டே இரண்டு எண்ணைத்தான் படித்தார். முப்பத்துநான்கையும் இருபத்துநான்கையும் கூட்டினார்; இரண்டால் வகுத்தார்; இருபத்தொன்பது வந்தது. தொட்டி முழுக்க இருபத்தொன்பது வைத்துவிட்டால் எந்தப் பல்லியும் எங்கேயும் நடக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தார். ஒரு காலை அடுப்பிலும் ஒரு காலை ஐஸிலும் வைத்தவனைப் பார்த்து, சராசரியில் சௌக்கியமாக இருக்கிறான் என்று சொல்கிற கணக்கு இது. அக்கா காகிதத்தைக் காட்டி, ரெண்டு பக்கம் வேற வேறயா இருக்கணும்னு எழுதியிருக்காளே என்று கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று பதில் வந்தது.

அதன் பிறகு அவர் செய்த வேலை இருக்கிறதே, பார்க்க நான்கு பேரைக் கூட்டி வந்திருக்க வேண்டும். இரண்டரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி. மூன்று பக்கமும் தெர்மோகோல் ஒட்டினார். மணலை மூன்று சல்லடையில் சலித்து, ஒரே அளவு மணி மட்டும் எடுத்தார். அதற்கடியில் சூடேற்றும் கம்பியைக் கோடு போட்ட மாதிரி சம இடைவெளியில் படுக்க வைத்தார். சூடு ஒரு இடத்தில் தேங்கிவிடக் கூடாது என்று மூடியில் இரண்டு குட்டி ஃபேன். இரவும் பகலும் சுற்றின. ஒரே அளவுக் கற்கள் எட்டைப் பொறுக்கி, கிடங்கில் பெட்டி அடுக்குவது போல இரண்டு வரிசையாக வைத்தார். பாலைவனத்தில் ஏது ஈரம் என்று ஈர மூலையை அடித்துவிட்டார். கடைசியாக, ஒன்பது சென்சார். தினமும் காலையும் மாலையும் ஒன்பது எண்களை ஒரு நோட்டில் எழுதினார். இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. படித்தால் தூக்கம் வரும் நோட்டு.

ஒரு மூலை மட்டும் அவருக்கு அடங்கவில்லை. ஒன்பதாவது சென்சார் முப்பத்தொன்று காட்டியது. ஃபேனுக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் அந்த மூலையில் கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருந்தது, அந்தச் சூடு. கோடும் புள்ளியும் நாள் முழுக்க அந்த மூலையில்தான் கிடந்தன, ஒன்றின்மேல் ஒன்று, வயிற்றைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு. மூளையுள்ளவன் எவனும் அதைப் பார்த்தால் ஒரு நிமிடம் யோசிப்பான். இவர் அடாப்டரைக் கழற்றித் தரையில் வைத்தார். ஒன்பதாவது எண்ணும் வழிக்கு வந்தது. அன்று அவர் இரண்டு தட்டு சாப்பிட்டதாக அக்கா சொன்னாள்.

பல்லிகள் சாப்பிடவில்லை. போட்ட பூச்சிகள் மணலில் உலாவிக்கொண்டிருந்தன. கோட்டின் வால் நாளுக்கு நாள் மெலிந்தது. மகள் போனில் கேட்கும்போதெல்லாம் அத்தான் "எல்லாம் ஸ்டெடியா இருக்கும்மா" என்றார். அதில் பொய் இல்லை. செத்ததும் ஸ்டெடியாகத்தான் இருக்கும்.

பல்லிகள் அந்தத் தொட்டிக்குள் போன பதினேழாவது நாள் ஒரு புதன்கிழமை. மத்தியானம் அக்கா போன் செய்து, வரும்போது பஞ்சும் சின்ன இடுக்கியும் கொண்டுவரச் சொன்னாள். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தால், இரண்டும் தோல் உரித்திருந்தன. ஆனால் காய்ந்த காற்றில் பாதித் தோல் கழலாமல் விரல்களில் நூல் சுற்றினாற்போல் இறுகிக் கிடந்தது. எனக்குப் பல்லி என்றாலே ஆகாது. ஆனாலும் மனிதர்களின் வாய்க்குள் கையை விட்டுப் பிழைக்கிறவள் இதற்குப் பயந்தால் ஆகுமா? வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு விரலாக ஊறவைத்து, இடுக்கியால் உரித்தேன். அக்கா பிடித்துக்கொண்டாள். புள்ளி பிழைத்தது. கோட்டுக்கு முன்னங்காலில் இரண்டு விரல் கறுத்துப் போயிருந்தது. நான் தொட்டதும் உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த காகிதத்தை எடுத்துவந்து, தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சத்தம் போட்டுப் படித்தாள்.

பிறகு எழுந்து, ஃபேன், சூட்டுக் கம்பி எல்லாவற்றையும் பிளக்கோடு பிடுங்கினாள். மகளின் படிப்பு மேசையிலிருந்து பழைய குண்டு பல்ப் விளக்கைக் கொண்டுவந்து இடது ஓரத்தில் வைத்தாள். குளியலறையில் மிச்சமிருந்த டைல்ஸ் துண்டு ஒன்று விளக்குக்குக் கீழே போனது. வலது ஓரத்தில் உடைந்த கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே ஈரத் துணி வைத்தாள். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் அடிக்கிற பாட்டிலால் கல்லில் லேசாகத் தெளித்தாள். மொத்தம் கால் மணி நேரம். அந்த மனிதர் இரண்டு வாரம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து செய்ததை இவள் கால் மணி நேரத்தில் திருத்தினாள். கோடு மெல்ல நடந்து டைல்ஸ் மேல் ஏறி, தட்டையாகப் படுத்துக் கண்ணை மூடியது.

அத்தான் ஆறரைக்கு வருவார். ஆறு மணிக்கு அக்கா எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டாள். நேராகச் சொல்லிவிடு என்று நான் சண்டை பிடித்தேன். சொன்னால் அவர் கேட்க மாட்டார், விளக்கம் சொல்வார், அதற்குள் இதுகள் செத்துவிடும் என்றாள். மறுநாளிலிருந்து அவர் கிளம்பியதும் விளக்கை வைப்பதும் ஆறு மணிக்கு எல்லாவற்றையும் பழையபடி மாட்டுவதும் அவளுக்குத் தினசரி வேலையாயிற்று.

அவளுக்குத் தெரியாத ஒன்று: சென்சார்களுக்குத் தனி பேட்டரி. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. பகல் முழுக்க ஒரு ஓரம் முப்பத்துநான்கு, மறு ஓரம் இருபத்துநான்கு, ஆறு மணிக்கு மேல் எல்லாம் இருபத்தொன்பது. இவ்வளவு வெட்டவெளிச்சமாக இருக்கும்போது, வீட்டில் பகல் நேரத்தில் இருக்கிற ஒரே ஆள் மீது சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். முதலில் சென்சார் கெட்டுவிட்டது என்று ஒன்பதையும் மாற்றினார். பிறகு மின்சாரத்தில் ஏற்ற இறக்கம் என்றார். கிடங்கிலிருந்து பெரிய கருவியைக் கொண்டுவந்து சுவரை எல்லாம் தடவிப் பார்த்தார். அந்த வீட்டில் எதையாவது மாற்றக்கூடிய ஆள் தன்னைத் தவிர இன்னொருத்தி இருக்கிறாள் என்பது இரண்டு வாரம் அவர் புத்தியில் ஏறவே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல். திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

இரண்டாவது புதன்கிழமை, கோளாறை நேரில் பிடித்துவிடுவதென்று அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வந்து நின்றார். நாங்கள் இருவரும் தொட்டிக்கு முன்னால் இருந்தோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா அப்போதுதான் கால்சியம் பொடியில் புரட்டிய ஒரு பூச்சியை உள்ளே விட்டாள். இரண்டு விரல் போன அந்தக் காலோடு கோடு பாய்ந்து அதைக் கவ்வியது. அத்தான் அதைப் பார்த்தார். ஆனால் வாய் திறந்தபோது அவர் பேசியது எண்களைப் பற்றித்தான்.

"பத்து டிகிரி. ஒரே பெட்டிக்குள்ள பத்து டிகிரி வித்தியாசம். கிடங்குல இப்படி விட்டிருந்தா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

அக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அது மருந்துங்க. மருந்துக்குக் கால் கிடையாது, வச்ச இடத்துல இருக்கும். இதுக்கு நாலு கால் இருக்கு. குளுந்தா அங்க போகும், சுட்டா இங்க வரும். போறதுக்கு ஒரு இடம் வேணும்ல."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா இன்னும் முடித்திருக்கவில்லை.

"எனக்கும் ரெண்டு கால் இருக்கு. அதான் இருபத்து மூணு வருஷமா பால்கனிக்குப் போறேன்."

இப்போதாவது மனிதர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெரிய கருவியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கவிழ்த்த வாளிக்கு மேலே, அக்காவின் முழங்கால் இருக்கும் உயரத்தில் அதைப் பிடித்து அளந்தார். திரும்பி வந்து நோட்டில் ஒரு எண்ணை எழுதினார். எட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு. எனக்கு அந்தக் கருவியைப் பிடுங்கி அவர் தலையில் போடலாம் போலிருந்தது.

மறுநாள் அவர் ஒரு நாற்காலி வாங்கி வந்து பால்கனியில் போட்டார். கேட்டீர்களா? உள்ளே ஏசியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. பெண்டாட்டியை வெளியே உட்கார வைக்க நாற்காலி. வாளி ஓரமாகப் போனது. அக்கா உட்கார்ந்து பார்த்துவிட்டு, சாய்வு நல்லாத்தான் இருக்கு என்றாளே, அங்கேதான் நான் தோற்றேன். இவளுக்காக நான் எத்தனை புதன்கிழமை தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருப்பேன்!

தொட்டியை மட்டும் அவர் மறுபடி ஒழுங்காகவே கட்டினார். விளக்கு இடது பக்கம், அதற்கு ஒரு நேரக் கட்டுப்பாடு, வலது பக்கம் ஈரப் பொந்து. வேலை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த வாரமே என்னை உட்காரவைத்து, உயிருள்ளவற்றுக்கு ஒரே அளவு ஆகாது, இரண்டு பக்கம் வேண்டும், தேர்ந்தெடுக்க இடம் வேண்டும் என்று முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்தார். என்னிடம்! இறுகிய தோலை உரித்த இடுக்கி அப்போதும் என் பைக்குள் இருந்தது. கிடங்கிலும் இதைச் சொல்லித் திரிந்திருக்கிறார். பெட்டி தூக்குகிறவர்கள் தலையாட்டியிருப்பார்கள்.

மகள் லீவுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு தொட்டிக்குப் போனாள். இரண்டும் உயிரோடு இருந்தன. கோட்டின் வால் மறுபடி தடித்திருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அத்தானுக்கு நெஞ்சு விரிந்தது. தொட்டி அமைப்பைக் காட்டினார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு காலைப் பார்த்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ரெண்டு விரல் காணோமேப்பா."

நான் தயாராக இருந்தேன். என்ன என்ன சொல்லவேண்டும் என்று ஒரு மாதமாக வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் வேறு ஏதாவது காரணம் சொல்லட்டும், அப்போது திறக்கலாம் என்று வாயைக் காத்துக்கொண்டிருந்தேன். அவர் நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் புரட்டினாள். பக்கம் பக்கமாக ஒரே எண்.

"எல்லாம் ஒரே நம்பரா இருக்கு?"

"ஆமா. அதான் தப்பு," என்றார். பிறகு கையை நீட்டி, பதினேழாம் நாளின் கீழே விரலை வைத்தார். "இது வரைக்கும் நான். இதுக்கப்புறம் உங்கம்மா."

நான் ஒரு மாதம் சேர்த்து வைத்ததெல்லாம் வீண். அந்த மனிதர் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக்கூடத் தரவில்லை.

மகள் நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள். கோபப்படவில்லை, அது இன்னும் மோசம். "அடுத்த தடவை அம்மாகிட்டயே சொல்லிட்டுப் போறேம்பா" என்றாள். அவர் தலையாட்டினார். சான்றிதழ் மாட்டிய சுவருக்குக் கீழே நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்தான்.

அம்மா எங்கே என்று அவள் கேட்டாள். பால்கனியில் என்றேன். உள்ளே வாம்மா என்று இவள் இங்கிருந்தே கூப்பிட்டாள். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"எனக்கு இங்கதான் நல்லா இருக்கு. நீ வா. அவரையும் வேணா வரச் சொல்லு."

மகள் போனாள். அத்தான் கொஞ்ச நேரம் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரப்பர் பட்டை உரச பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அங்கே இருப்பது ஒரே நாற்காலி. ஓரமாகக் கிடந்த வாளியை இழுத்து, கவிழ்த்துப் போட்டு, சுடுகாற்றுக்கு நேராக உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. துடைத்துக்கொள்ளத் துண்டு வேண்டும் என்று கண்ணாடிக்குள்ளே என்னைப் பார்த்து ஜாடை காட்டினார். துண்டு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கோட்டுக்குப் பூச்சி போட்டுக்கொண்டிருந்தேன்.